நம்மட ஆள் போடும் பந்து

எங்கள் ஊரில் எல்லே விளையாடிய யாரிடமும் சுதாகரனைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். வருஷப்பிறப்பு விளையாட்டு விழாவில் அவன் அடித்த பந்து தென்னைகளைத் தாண்டி வாவிக்குள் விழுந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மை. அந்தப் பந்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

எல்லே தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொல்லால் பந்தை அடித்துவிட்டு, வட்டமாக நட்ட கம்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். எதிரணி பந்தைப் பிடித்தாலோ, ஓடுகிறவன் மேல் எறிந்து பட்டாலோ ஆள் அவுட். ஆனால் பந்து போடுகிறவன் எதிரணிக்காரன் இல்லை. அடிக்கிறவனின் சொந்த அணிக்காரன். எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டுப் போடுவான். சுதாகரனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே, மெதுவாக வரவேண்டும். பன்னிரண்டு வருஷம் நான் அவனுக்கு அப்படித்தான் போட்டேன்.

அவன் தொழிலில் மேசன். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மாடிவீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு அவனைத் தேடி ஆள் அனுப்புவார்கள். அவன் பூசிய சுவரில் கையைத் தடவினால் ஒரு மேடு பள்ளம் தட்டாது. தன் வீட்டுக்கு மட்டும் வெளிப்பூச்சு பூசவில்லை. கல் தெரிய நிற்கும் அந்த வீட்டைக் காட்டி நாங்கள் பகிடி பண்ணினால், “ஊராக்கள்ற வீடு முடியட்டும்கா” என்பான்.

தனுஷாவை அவன் கட்டியபோது ஊரில் பலருக்கு விருப்பம் இல்லை. அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய், காலம் முடிய முன்னமே திரும்பி வந்தவள். அங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் ஊர் தானே இட்டுக்கட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாராவது அவள் பெயரைச் சற்று உரக்கக் கூப்பிட்டால், இருந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்பி நிற்பாள். சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழும்புவாள். சுதாகரன் அவளைக் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் உடைத்து, “இனி உன்ன ஒருத்தன்ட வீட்டு வேலைக்கும் அனுப்பமாட்டன்” என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். அவனுக்கு வாய் பெரிது. ஆனால் சொன்னதைப் பத்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றினான். பிள்ளை இல்லை என்ற குறை இருந்தது. அதைத் தவிர அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் அசனார் ஹாஜியாரின் மூன்றாம் மாடிக்கு வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது சாரத்தின் கயிறு ஒன்று விட்டுப்போனது. கீழே மணல் குவிந்திருந்ததால் உயிர் தப்பினான். வலது தோள் நொறுங்கிவிட்டது. ஒப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. பயிற்சி கொடுக்கும் மிஸ், சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே மேலே ஏற்றச் சொன்னார். இவனுக்கு அந்தப் பொறுமை எங்கே? சுவரைப் பார்த்தால் பூசத்தான் தோன்றுகிறது, விரலால் ஏறத் தோன்றவில்லை என்று விட்டுவிட்டான்.

தனுஷா தைத்துக் கொடுக்கிறவள். அவளுடைய தையல் ஒரு வயிற்றுக்கே போதாது. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்று கதைக்கத் தொடங்கினார். ஏற்கனவே போய் வந்தவள் என்றால் அவருக்கு இரட்டிப்புச் சந்தோஷம், அரபு கதைப்பாள், பழக்க வேண்டியதில்லை. அவர் இரண்டாம் தடவை வந்தபோது தனுஷா சொன்னாள்: “வருஷம் பிறக்கட்டும். அதுக்குள்ள இவர்ட கை சரிவந்திரும். வராட்டிப் பாப்பம்.”

வராவிட்டால் போவாள். எல்லோருக்கும் அது விளங்கியது. சித்திரைக்குள் கை எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் சுவிஸிலிருக்கும் என் தங்கச்சி அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அங்கே வீட்டை ஒதுக்கினால் கழிவெல்லாம் இங்கே வரும். சப்பாத்து, பழைய குளிர்ச்சட்டை, எங்கள் வெயிலுக்கு என்ன தேவைக்கோ தெரியாது. அதற்குள் ஒரு கேம் பெட்டியும் இரண்டு றிமோட்டும் கிடந்தன. நான் போனும் ரேடியோவும் திருத்தும் கடைக்காரன். இரண்டு வயரை மாற்றி ஈயம் பற்ற வைத்து இயக்கிப் பார்த்தேன். டீவிக்குள்ளே ஒரு மைதானம். ஒருவன் பந்து எறிகிறான். நாங்கள் டீவிக்கு முன்னால் நின்று றிமோட்டைப் பொல்லு மாதிரி வீசினால், உள்ளே நிற்பவன் மட்டையை வீசுகிறான். பேஸ்போல் என்று எழுதியிருந்தது. எனக்கு எல்லே மாதிரித்தான் தெரிந்தது. உடனே சுதாகரனின் ஞாபகம் வந்தது. சுவரில் விரல் ஏற்றாதவன் இதையாவது வீசுவான் என்று கொண்டுபோய் அவன் வீட்டு டீவியில் பூட்டினேன்.

டீவியிலிருந்து அந்த விளையாட்டின் மெட்டு எழும்பியதும், தையல் மெஷினில் இருந்த தனுஷா எழும்பி நின்றாள். புதுச் சாமானைப் பார்க்க ஆசை என்று நினைத்தேன்.

சுதாகரன் றிமோட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு டீவியைப் பார்த்து, “இடுப்புக்கு மேல போடு மச்சான்” என்றான். பகிடிக்குத்தான் சொல்கிறான் என்றிருந்தேன். பந்து முழங்கால் மட்டத்தில் வளைந்து வந்தது. இவன் வீசவில்லை. நல்ல பந்து வரட்டும் என்று நின்றான். எல்லேயில் அப்படித்தான் நிற்போம். அடுத்தது நெஞ்சுக்கு நேரே அம்பு மாதிரி வந்தது, அதையும் விட்டான். மூன்றாவதுக்கு வீசினான், பந்து வருவதுபோல வந்து சட்டென்று கீழே விழுந்தது. மூன்று பந்து தவறினால் அங்கே அவுட்.

“டேய், ஒழுங்காப் போடத் தெரியாதா உனக்கு!” என்று டீவிக்குப் பேசினான்.

“அவன் நம்மட ஆளில்ல மச்சான். எதிர் ஆள்” என்றேன்.

“எதிர் ஆள் எப்பிடிப் பந்து போடுவான்?”

“இந்த விளையாட்டில எதிர் ஆள்தான் போடுவான். உன்ன ஏமாத்தத்தான் போடுறான்.”

“இதென்ன நாய் விளையாட்டு” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. திரும்பத் திரும்ப அவுட் ஆனான். கை வலித்தது, முகம் கறுத்தது. கடைசியில் ஒரு கத்துக் கத்தி றிமோட்டைச் சுவரில் எறிந்தான். மூடி கழன்று பற்றரி உருண்டு போனது.

தனுஷா வந்து பற்றரியைப் பொறுக்கிப் போட்டு மூடினாள். அதை அவன் கையில் கொடுத்துவிட்டு மற்ற றிமோட்டை எடுத்தாள். அதன் கயிற்றை முதலில் மணிக்கட்டில் மாட்டி இறுக்கினாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் பட்டனை அமத்துவது என்றும் அவள் கேட்கவில்லை.

“நான் போடுறன். அடியுங்க” என்றாள்.

முதல் பந்து இடுப்புக்குச் சற்று மேலே, மெதுவாக வந்தது. சுதாகரன் அடித்தான். டீவிக்குள் கூட்டம் எழும்பிக் கத்தியது, பந்து மைதானத்தைத் தாண்டியது. அவன் என் பக்கம் கிறுகிப் பார்த்துச் சிரித்த சிரிப்பைச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு அன்றுதான் கண்டேன்.

அதன்பிறகு பின்னேரம் ஆனால் அந்த வீட்டில் இதுதான். பக்கத்து வீட்டாக்கள் வந்து கதவடியில் நின்று பார்ப்பார்கள். தனுஷா மூலையில் நின்று போடுவாள், அவன் நடுவில் நின்று அடிப்பான். “பாத்தயா, கை வருது” என்பான். எல்லோரும் ஓம் என்பார்கள். ஏஜென்சிக்காரர் ஒருநாள் வந்து, இரண்டு அடி பார்த்துவிட்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போனார். அன்று சுதாகரன் சந்தோஷத்தில் கோழி அறுக்கச் சொன்னான். கோழி இல்லை. முட்டை பொரித்தாள்.

ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரம் நான் விளையாட்டாக மற்ற றிமோட்டை எடுத்து, “எனக்கும் போடு பாப்பம், தங்கச்சி” என்றேன். போட்டாள். மூன்றே பந்து. முதலாவது வந்ததே தெரியவில்லை. இரண்டாவது என்னை விட்டு விலகி ஓடியது. மூன்றாவது தரையில் விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவளும் பயந்துபோனாள். “பிழையாப் போயிற்று, யோகண்ணன்” என்று றிமோட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அதற்குப் பிறகுதான் நான் சுதாகரனை ஒழுங்காகக் கவனித்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தான். தோள் அசையவே இல்லை. மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டுச் சுண்டினான். கேம் பெட்டிக்கு அது போதும். அது றிமோட்டைத்தான் பார்க்கிறது, கையைப் பார்ப்பதில்லை. வீசினானா, சுண்டினானா என்று அதற்கு என்ன கவலை? கூட்டம் எழும்பிக் கத்துகிறது.

“மச்சான், தோளத் தூக்கி அடி. இது மணிக்கட்டு அடி” என்று அன்றே சொன்னேன்.

“பந்து போகுதா இல்லையா?”

“பந்து போகுது. கை போகல்ல.”

“உனக்கு எரிச்சல்கா. இவ்வளவு காலமும் நீதானே எனக்குப் போட்டாய். இப்ப அவள் போடுறாள்.” அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் கோபம் வந்து ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

பங்குனியில் காத்தான்குடியிலிருந்து ஹமீட் காக்கா சொல்லியனுப்பினார். அவர் வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர், சுதாகரன் அவரிடம்தான் அதிகம் வேலை செய்தவன். ஒரு மதில் பூச இருக்கிறது, கை சரி என்று கேள்விப்பட்டேன், வா என்றார். சுதாகரன் பூச்சுக் கரண்டியைத் தீட்டி எண்ணெய் பூசி எடுத்துக்கொண்டான். தனுஷா சோறு கட்டிக் கொடுத்தாள். என் மோட்டார்சைக்கிளில்தான் போனோம். வழியெல்லாம், இந்த மதிலோடு தன் வீட்டு வெளிப்பூச்சையும் தொடங்கிவிடுவேன் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தான்.

சாந்தைக் கரண்டியில் அள்ளினான். மதிலின் மேல்வரிக்கு எறிய வேண்டும். முழங்கையை விலாவில் ஒட்டி மணிக்கட்டைச் சுண்டினான். சாந்து பாதித் தூரம் போய் அவன் காலடியில் விழுந்தது. திரும்ப அள்ளினான். திரும்ப விழுந்தது. மூன்றாம் தரம் பல்லைக் கடித்துத் தோளைத் தூக்கப் பார்த்தான். கை நெஞ்சு மட்டத்தில் நின்று நடுங்கியது, கரண்டி கழன்று விழுந்தது.

அங்கே நின்ற வேலைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஹமீட் காக்கா நல்ல மனுஷன். “தம்பி, நீ கீழ்ப்பக்கத்தப் பூசு. மேல பாறூக் பூசுவான்” என்றார். சுதாகரன் குந்தி இருந்து இடுப்பளவுக்குப் பூசினான். அதுவும் ஒரு பாகம்தான். அதற்குள் தோள் வீங்கிவிட்டது. காக்கா அவனை நிழலில் இருத்தி, “அல்லாஹ் தருவான். கை சரிவந்தா நம்மட வேல எங்க போகப் போகுது” என்றார். இவன் தலையாட்டினான். கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவிழ்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டீவியைப் போட்டான். நல்ல மத்தியான வெயில். தனுஷா எங்களைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள். சோற்றுப் பொதியை வாங்கி உள்ளே வைத்தாள்.

“எடு புள்ள. போடு” என்றான். “எனக்குப் போடுறமாதிரிப் போடாத. எதிர் ஆள் மாதிரிப் போடு.”

“வேணாம். கைய ஆறவிடுங்க.”

“போடு!” என்று கத்தினான். அவள் சட்டென்று நிமிர்ந்து நின்றாள். கயிற்றை மணிக்கட்டில் மாட்டினாள்.

போட்டாள். எனக்குப் போட்ட அதே பந்துகள். சுதாகரன் வீசுவதற்குள் பந்து போய்விட்டிருந்தது. மூன்று, மறுபடி மூன்று, மறுபடி மூன்று. ஒன்றில்கூட அவன் மட்டை படவில்லை. டீவிக்குள் கூட்டம் சும்மா இருந்தது. கடைசியில் அவன் றிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அதிலேயே குந்தினான்.

“எங்க பழகினாய்?”

அவள் மணிக்கட்டிலிருந்த கயிற்றைக் கழற்றத் தொடங்கினாள்.

“கேக்கிறன் புள்ள. எங்க பழகினாய்?”

“குவைத்தில” என்றாள். “அந்த வீட்டுப் பொடியன்ட்ட இதே விளையாட்டு இருந்தது. பின்னேரம் அவனோட நான் விளையாட வேணும். அவன் தோத்தா கத்துவான், சாமானத் தூக்கி எறிவான். சத்தம் கேட்டா மேடம் வந்து எனக்கு அடிப்பா. அவன் அடிக்கிறமாதிரிப் போடப் பழகிற்றன். அவன் சந்தேகப்படக்கூடாது, அதுக்காக இடைக்கிட நல்ல பந்தும் போடுவன். தோக்கிறதும் அங்க எனக்கு ஒரு வேலதான்.”

சுதாகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழும்பிப் போகவேண்டும் போலிருந்தது.

“அப்ப இவ்வளவு நாளும் எனக்கும் அந்த வேலதான் செய்தயா?”

“முதல் நாள் நீங்க கத்தி றிமோட்ட எறிஞ்சீங்க. அவன் எறியிறமாதிரியே இருந்திச்சு. அண்டைக்குப் பயத்திலதான் போட்டன்” என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “மறுகா நீங்க சிரிச்சீங்க. அதுக்காகப் போட்டன்.”

பிள்ளையாருக்கு முன்னால் அந்தப் பெரிய வாயால் சொன்னவன் அன்று வாய் திறக்கவில்லை. ஒருத்தன் வீட்டு வேலைக்கும் அனுப்பமாட்டேன் என்றவன், தன் வீட்டிலேயே அவளை அந்த வேலைக்கு நிறுத்தியிருக்கிறான். தெரியாமல்தான் செய்தான். தெரியாமல் செய்ததென்று சொல்லி நான் அவன் தோளைத் தொட்டபோது, என் கையைத் தட்டிவிட்டான். அவன் அழுதான். அவள் போய் டீவியை நிறுத்தினாள்.

வருஷம் பிறந்தது. கைவிசேஷக் காசு கொடுக்கக்கூட அவனுக்கு வலது கையை நீட்ட முடியாமல் இருந்தது, தகட்டைச் சுற்றி மறுபடி வீக்கம். ஏஜென்சிக்காரர் படலையடிக்கு வந்தார். இந்த முறை அவரை உள்ளே கூப்பிட்டு இருக்கக் கதிரை போட்டது சுதாகரன்தான். அவன் வெற்றிலையைக்கூட நீட்டினான். போ என்று அவன் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தனுஷா தையல் மெஷினுக்குத் துணி போர்த்தி மூடினாள். போகும் நாளன்று பஸ்ஸில் ஏறுமுன்னர் என்னிடம், “யோகண்ணன், சுவரில விரல் ஏத்தச் சொல்லுங்க. இவருக்கு நான் சொன்னாக் கேக்காது” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பின்னேரங்களில் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு நான்தான் அங்கே போகிறேன். சுவரில் விரல் ஏற்றுகிறான். பூசாத சுவர், கல்லில் விரல் உரசித் தோல் கழன்றுவிட்டது. தோள் மட்டத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு மேலே வருமோ வராதோ தெரியாது. மிஸ்ஸும் உறுதியாகச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் இருக்கும்போது தனுஷாவின் போன் வந்தது. வீடியோ இல்லை, அந்த வீட்டில் விடமாட்டார்களாம். சுதாகரன் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தான்.

“சாப்பிட்டீங்களா? கை எப்பிடி?” என்று கேட்டாள்.

“நல்லம். நேற்று ஹமீட் காக்காட மதில் வேல. மேல்வரி முழுக்க நான்தான் எறிஞ்சன்.”

“உண்மையாவா!”

“யோகராசாட்டக் கேள்” என்றான். நான் ஓம் என்றேன்.

“அங்க எப்பிடி புள்ள? ஆக்கள் எப்பிடி?”

“நல்ல ஆக்கள். ஒரு வயசான மனுஷிதான். வேல ஒண்டும் பெரிசா இல்ல” என்றாள். “பிள்ளையள் கிள்ளையள் ஒண்டுமில்ல. கரைச்சல் இல்ல.”

அவள் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அரபியில் எதையோ கத்தியது. ஏதோ சாமான் சுவரில் மோதி விழுந்தது. போனுக்குள் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவள் எழும்பி நிற்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சுதாகரன் போனுக்குக் கிட்டக் குனிந்தான். “நல்லது புள்ள” என்றான். “கரைச்சல் இல்லாத இடம்தான் வேணும். கவனமா இரு.”

“வைக்கிறன்” என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு எழும்பி டீவியைப் போட்டு, றிமோட்டை வலது கையில் எடுத்தான். கயிற்றைப் பல்லால் இழுத்து மணிக்கட்டில் இறுக்கினான். முழங்கையை விலாவிலிருந்து எடுத்து, நடுங்க நடுங்கத் தோள் மட்டத்துக்குத் தூக்கினான். மற்ற றிமோட்டை எனக்கு நேரே தள்ளினான்.

“போடுடா” என்றான். “நம்மட ஆள் மாதிரிப் போடாத.”